களவெட்டியில் கேட்ட கேள்வி

ரோசலின் போய்விட்டா என்ற செய்தி எனக்கு மீன்காரன் வாயால்தான் வந்தது. வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு, மணலை மீனை எடுத்துச் செவுளை விரித்துக் காட்டிக்கொண்டே, "பெத்தா, டவுனில அந்தக் கேள்வி கேட்கிற பறங்கி நோனா மோசம் போயிற்றாவாம், ஆட்டோவில குழாய் கட்டிச் சொல்லிக்கொண்டு போறானுகள்" என்றான். மீன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து இருந்தேன். அவ கேள்வி கேட்பதை விட்டு எவ்வளவோ காலம். ஆனாலும் வாவிக்கு இந்தக் கரையில் அவவுக்கு அதுதான் பேர். மிஷினில் சட்டை தைத்துப் பிழைத்த காலத்தைத் தையல் நோனா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவவின் தங்கச்சி மகள் டொரின் வந்து, முப்பத்தோராம் நாள் பூசைக்குச் சின்னப் புத்தகம் ஒன்று அடிக்கிறோம், நல்லதாக நாலு வரி எழுதித் தாங்க மாமி என்று கேட்டா. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்குத் தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் பார்க்கட்டும் என்றேன். அவவைத் தெரிந்தவர்கள்தான் இதைக் கையில் எடுக்கப்போகிறீர்கள். உங்களிடம் ஒளிக்க என்ன கிடக்கு?

அவ முதன்முதல் எங்கட ஊருக்கு வந்தது, சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தது முறிந்து மறுபடி ஷெல் விழத் தொடங்கின காலம். இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: டவுன் இருக்கிற எழுவான்கரை அப்போது ஆமியின் கையில். வயலும் காடுமாகக் கிடக்கிற எங்கட படுவான்கரை இயக்கத்தின் கையில். நடுவில் வாவி. ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம், அதில்தான் அங்கே இங்கே போகலாம், அதுவும் இரண்டு பக்கமும் மனம் வைத்தால். அந்தப் பாதையில், தோளில் ஒரு பையும் கையில் குடையுமாக, குட்டைச் சட்டை போட்ட ஒரு பறங்கிப் பொம்பளை வந்து இறங்கினா. கொழும்பில் ஒரு கம்பெனி, சனம் என்ன நினைக்கிறது என்று கேட்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறதாம். சனம் என்ன நினைக்கிறது என்று அந்தக் காலத்தில் எங்களை ஒருவரும் கேட்டதில்லை. சொல்லத்தான் வருவார்கள்.

வீடு பிடிக்கிறதுக்கு அவவிடம் ஒரு முறை இருந்தது. கோயிலில் தொடங்கி வலது கைப்பக்கமாக நடந்து, இடையில் வீடுகளை எண்ணி விட்டுவிட்டு, விழுகிற வீட்டுக்குள் போவா. என் வீடு விழுந்தது. பக்கத்து வளவுக் கனகம்மா வேலியில் ஏறி நின்று, "அந்த வீட்டிலயா கேட்கப் போறீங்க மிஸ்? அங்க பதில் கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். இஞ்ச வாங்க, நான் சொல்லுறன்" என்று கூப்பிட்டாள். ரோசலின் அசையவில்லை. "விழுந்த வீடு விழுந்த வீடுதான் அக்கா. ஆளைப் பார்த்து மாத்த எனக்கு உரிமை இல்ல" என்றா. வீட்டுக்குள் வந்தும் அப்படித்தான். இந்த வீட்டில் பெரிய ஆட்களில் யாருடைய பிறந்தநாள் அடுத்து வருகிறதோ அவரைத்தான் கேட்கவேண்டும் என்றா. எங்களுக்குப் பிறந்தநாள் எங்கே தெரியும்? என் மகள் சாந்தியின் புருஷன் தவராசா எங்களோடுதான் இருந்தான். எங்கட பக்கத்தில் மருமகன் பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். அவன் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, "மாமியின்ட பேரைப் போடுங்க மிஸ். அவ பிறந்த வெள்ளத்தைச் சொல்லிச் சொல்லித்தான் இந்த ஊர் பயந்துபோய்க் கிடக்கு" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வெள்ளம் வந்த மாரியில் பிறந்தேன் என்று சொல்லி, மாதத்தைக் கணக்குப் பார்த்து, கடைசியில் நான்தான் என்று ஆயிற்று.

போன வருஷத்தை விட இப்போது உங்கள் வீட்டு நிலைமை கூடவா, அப்படியேவா, குறைவா? வருகிற வருஷம் கூடுமா, அப்படியே இருக்குமா, குறையுமா? வீட்டுக்குப் பெரிய சாமான், குளிர்ப்பெட்டி, டிவி, மோட்டார் சைக்கிள், இந்த மாதிரி ஏதும் வாங்க நினைத்திருக்கிறீர்களா? இவைதான் கேள்விகள். ஒரு சொல் கூட்டமாட்டா, ஒரு சொல் குறைக்கமாட்டா. விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்ப வாசிப்பா. விளக்கிச் சொல்லன் மிஸ் என்றால், "நான் விளக்கினா கேள்வி என்ட பக்கம் சாஞ்சிரும்" என்பா. குளிர்ப்பெட்டிக் கேள்விக்குக் கனகம்மா வேலிக்கு மேலால், "கரண்டே இல்ல, எங்க மிஸ் வைக்கிற? இந்த ஊருக்குப் பெட்டி வாங்கிறதெண்டா ஒரே ஒரு பெட்டிதான் வாங்கலாம், ஆறடியில" என்றாள். எல்லோரும் சிரித்தோம். ரோசலின் சிரிக்கவில்லை. "அது இந்தக் கேள்விக்குள்ள வராது அக்கா" என்று மெதுவாகச் சொன்னா.

இயக்கப் பொடியன்மார் இரண்டு பேர் படலையடியில் சைக்கிளில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எல்லாக் கேள்விக்கும் தெரியாது, தெரியாது என்றே சொன்னேன். கோபிப்பா என்று நினைத்தேன். "தெரியாது எண்டதும் பதில்தான் அக்கா, அதுக்கும் ஒரு கட்டம் இருக்கு" என்று அடையாளம் போட்டுக்கொண்டா. பொடியன்மார் போன பிறகு, குரலைத் தாழ்த்தி, "மெய்யாத் தெரியாதா, பயத்தில தெரியாதா எண்டு பிரிக்கத்தான் கட்டம் இல்ல" என்றா. அந்தச் சொல்லுக்காக அவவுக்குப் பாலில்லாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொடுத்தேன். அதைக் குடிக்கும்போதுதான், இதே கேள்வியை இதே மாதத்தில் பல தேசத்திலும் கேட்கிறார்கள் என்று சொன்னா. குளிர் நாட்டிலும் ஒருத்தி இப்படித்தான் யாரோ ஒருவரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாளாம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம், எந்த நாட்டுச் சனம் நாளையை நம்பியிருக்கிறது என்று. அங்கேயும் துவக்கோடு படலையில் நிற்பானுகளா என்று கேட்டேன். "தெரியாது அக்கா. அந்தக் கேள்வி இந்தத் தாளில இல்ல" என்றா. போகும்போது ஆமிக்காரனும் இதேபோல, அந்தக் கரைச் சனம் எங்களைப் பற்றி என்ன சொல்லுது என்று கேட்பானாம்; வரும்போது பொடியன்மாரும் கேட்பார்களாம். அந்தக் கேள்வி தாளில் இல்லை என்பதுதான் இரண்டு பேருக்கும் அவ கொடுத்த பதில்.

இரண்டாம் முறை வந்தது அறுவடைக்கு. அதைத்தான் நான் எழுதவேண்டும்.

அந்தப் போகம் எங்களுக்கு விளையவில்லை. களை பிடுங்கப் போனால் ஷெல். வாய்க்காலைத் திறந்துவிடப் போனவன் கால் இல்லாமல் வந்தான். ஊரில் ஆம்பிளையளும் குறைந்துபோனார்கள். முன்னே பொம்பளையள் களவெட்டிக்குள் காலே வைப்பதில்லை. சூடு அடித்து நெல்லைப் பிரிக்கிற அந்த இடம் ஆம்பிளையளுக்கு உரியது. சண்டை வந்தபிறகு நாங்கள்தான் வெட்டினோம், நாங்கள்தான் கட்டினோம், நாங்கள்தான் சூடும் அடித்தோம். புதிதாக உள்ளே போனவர்கள் என்பதால், களத்து முறையை ஆம்பிளையளை விட நாங்கள் இறுக்கிப் பிடித்தோம். செருப்போடு ஏறக்கூடாது. நெல்லைப் பொலி என்றுதான் சொல்லவேண்டும். இல்லை, காணாது, குறைவு, முடிந்தது, இந்தச் சொற்கள் வாயில் வரக்கூடாது. சாக்குத் தீர்ந்தால் சாக்கு நிறைஞ்சிற்று என்போம். தண்ணீர் தீர்ந்தால் குடம் நிறைஞ்சிற்று என்போம். குறையைச் சொன்னால் பூதம் காதில் வாங்கி, இருக்கிற பொலியையும் வாரிக்கொண்டு போய்விடும். இதை நீ நம்புகிறாயா என்று இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். கோயிலுக்குள் நின்று துப்புவாயா? அது மாதிரித்தான் இது.

ரோசலின் தன் முறைப்படி விழுந்த வீடுகளுக்குப் போயிருக்கிறா. ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. அப்போது வயலுக்குச் சொந்தக்காரரான போடியார் அவவைக் கண்டு, "எல்லாரும் களத்தில நிக்காங்க நோனா, வாங்க, ஒரே இடத்தில உங்கட வேலை முடியும்" என்று கூட்டிக்கொண்டு வந்தார். களத்தில் நின்று நாங்கள் என்ன சொல்லுவோம் என்று அவருக்குத் தெரியாதா? அவரை விடத் தெரிந்தவர் யார்? சண்டை தொடங்கினதிலிருந்து எங்களுக்கு நிவாரண அரிசி வந்தது; இந்த மாதிரிக் கணக்குகளைப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். அது வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால் அவர் கொடுக்கிற கூலிக்கு ஒருவரும் குனியமாட்டார்கள். அது அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இதை நான் பின்னால் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் செத்த வீட்டுக்கும் நான் போகவில்லை.

ரோசலின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு களத்து ஓரமாக நின்றா. ஒவ்வொருவராகக் கேட்டா. என் முறை வந்தது. வருகிற வருஷம் உங்கள் வீட்டு நிலைமை கூடுமா, அப்படியே இருக்குமா, குறையுமா? எனக்குப் பின்னால் கிடந்த பொலி ஒரு ஆட்டுக்குட்டி படுத்தால் மறைகிற அளவு. "பொலியும் மிஸ். நிறையும்" என்றேன். கனகம்மாவும் அதையே சொன்னாள். தவராசா முறையில் விழாத ஆள், அவனும் சாக்கைப் பிடித்தபடி அதையே சொன்னான். அவ ஒவ்வொரு தாளிலும் மேல் கட்டத்தில் அடையாளம் போட்டா. அப்போது அவவின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. யாரோ நல்ல சேதி சொன்ன மாதிரி இருந்தா. அந்த முகத்தைத்தான் நான் கனகாலம் நினைத்து நினைத்துக் கொதித்தேன். ஒரே ஒரு சொல் கூட்டி, இது களத்துக்குச் சொல்லுறதா, மனசில உள்ளதா என்று கேட்டிருக்கலாம். கூட்டவில்லை. கேள்வி சாய்ந்துவிடுமாம்.

நான் சொன்னதில் பிழை கிடையாது. இன்றைக்கு அந்தக் களத்தில் கொண்டுபோய் நிறுத்திக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவேன்.

மாரி தொடங்குகிற நேரத்தில் அரிசி நின்றது. பருப்பும் மாவும் நின்றன. பாதையில் ஏறி டவுனுக்குப் போய் நிவாரணம் கொடுக்கிற அரசாங்கக் கந்தோரில் கேட்டோம். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஐயா, கொழும்புக் கம்பெனி எடுத்த கணக்கின் படம் ஒன்றை மேசையில் விரித்தார். தூண் தூணாக நின்றது. ஒரு தூணில் விரலை வைத்து, "இதுதான் உங்கட கரை. இந்த மாவட்டத்திலேயே உயரம். பணக்கார நாட்டுச் சனம்கூட வாற வருஷத்தை இவ்வளவு நம்பல்ல. இல்லாத இடம் வேற எவ்வளவோ கிடக்கு அம்மா, அங்க குடுக்கவேணும்" என்றார். பகிடி விடுகிறாரா என்று பார்த்தேன். இல்லை, எங்களை மெச்சுகிறார். அவர் இப்போது பென்ஷனில் இருக்கிறார். திருவிழாவில் எதிரே வந்தால் நான் மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன்.

சாந்திக்குக் கைக்குழந்தை. பால் வற்றிப்போனது. மரவள்ளியும் முடிந்தது. வாவிக்குள் இறங்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் விடியற்காலையில் தவராசா, "நண்டு கொஞ்சம் பிடிச்சிற்று வாறன் மாமி, தண்ணியைக் கொதிக்க வைங்க" என்று சொல்லிவிட்டுத் தோணியை இறக்கினான். நான் போகாதே என்று சொல்லவில்லை. பசியில் கிடக்கிற வீட்டில் அதை யார் சொல்லுவார்கள்? வெடிச் சத்தம் கேட்டது. தோணி தனியாகக் கரைக்கு வந்தது. அவனை மறுநாள் கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் எடுத்தோம். சுட்டது யார் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு கரையிலும் துவக்கு இருந்தது.

அதற்குப் பிறகுதான் ரோசலின் வந்தா. தான் விட்ட பிழை எப்படித் தெரிந்தது என்று பின்னால் சொன்னா. டவுன் சந்தையில் எங்கட பக்கத்துப் பொம்பளை ஒருத்தியிடம் கீரை வாங்கும்போது, உங்கட கரைச் சனம்தான் வருகிற வருஷத்தை நல்லா நம்புகிறது என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறா. எங்கே வைத்துக் கேட்டாய் என்று அவள் கேட்டாளாம். களவெட்டியில் என்றிருக்கிறா. கீரைக்காரி முதலில் சிரித்தாளாம். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அடி பாவி, களத்தில வச்சு ஆரும் வேற என்னத்தச் சொல்லுவாங்க?" என்றாளாம். ரோசலின் கீரையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்து, அந்தப் பதில்களை எண்ணவேண்டாம் என்று சொல்லியிருக்கிறா. முறைப்படி ஆளைப் பிடித்து முறைப்படி கேட்ட பதில், அதை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். ஆகவே யாரும் அனுப்பாமல், மிச்சம் கிடந்த தாளைப் பையில் போட்டுக்கொண்டு தானாக வந்து, அதே வீடுகளுக்கு அதே ஒழுங்கில் ஏறிக்கொண்டிருந்தா.

என் படலைக்கு வந்தபோது நான் கதவு திறக்கவில்லை. "ஆளைப் புதைச்ச மண் இன்னும் காயல்ல, நீ கேள்வி கொண்டு வந்திருக்கியா?" என்றேன்.

"நான் அண்டைக்குக் கேட்ட இடம் பிழை அக்கா. அந்தப் பதிலை உங்களிட்டத் திருப்பித் தந்திற்று வேற பதில் எடுக்க வந்திருக்கன்."

"பதிலைத் திருப்பித் தந்தா தவராசா திரும்பி வருவானா?"

"வரமாட்டார்" என்றா.

வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள், காலில் விழுந்திருப்பார்கள். இவ வரமாட்டார் என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றா. வெயில் ஏறியது. போ என்றேன், போகவில்லை. கடைசியில் சாந்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து படலையைத் திறந்து, கேளுங்க என்றாள். ரோசலின் தாளை எடுத்து, ஒரு சொல் கூட்டாமல் வாசித்தா. போன வருஷத்தை விட இப்போது உங்கள் வீட்டு நிலைமை கூடவா, அப்படியேவா, குறைவா?

"அரிசி இல்ல" என்றாள் சாந்தி. "பால் இல்ல. அவர் இல்ல. எல்லாத்துக்கும் கீழ உள்ள கட்டத்தில போடுங்க. அதுக்குக் கீழ ஒண்டு இருந்தா அதில போடுங்க."

"அதுக்குக் கீழ கட்டம் இல்ல மகள்" என்றா ரோசலின். சொல்லிக்கொண்டே பேனையை எடுத்தா.

ஆனாலும் எழுதவில்லை. பேனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா. "மகள் சொன்னதை நான் கேட்டன். ஆனா தாளில போடேலாது அக்கா. இந்த வீட்டுக்கு விழுந்த ஆள் நீங்க" என்றா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உலக்கையை எடுத்திருப்பேன். இந்த நிலைமையிலும் உனக்கு முறையா என்று ஏசினேன். ஏச்சு முழுவதையும் நின்று கேட்டா. பிறகு அதே கேள்வியை அதே சொல்லில் திரும்பவும் வாசித்தா. மற்ற வீடுகளில் எடுத்ததெல்லாம் அவவின் கையில் இருந்தது. என் வீட்டில் வெறும் தாளாகத்தான் கொண்டுபோவா, ஆனால் பொய்த் தாளாகக் கொண்டுபோகமாட்டா என்று எனக்கு விளங்கியது. "குறைவு" என்றேன். "வாற வருஷமும் குறைவு. எழுது." எழுதினா.

பின்னேரம் கனகம்மா ஓடி வந்து, பாதையடி இயக்கக் காவலில் நோனாவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். ஒருத்தி ஏன் திரும்பத் திரும்ப வந்து வீடு வீடாக ஏறுகிறாள், யாருக்குத் தகவல் கொண்டுபோகிறாள் என்று கேள்வியாம். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டால் அதற்குப் பிறகு ஆள் வீட்டுக்கு வருவது அரிது. போவதா விடுவதா என்று யோசித்தேன். பிறகு போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவன் என் பிள்ளை வயது. "உங்களுக்கு என்ன அம்மா அவ?" என்று கேட்டான். "எனக்கு அவ ஒண்டுமில்ல. இனி முகத்தில முழிக்கவும் மாட்டன். ஆனா வேவு பார்க்க வந்தவ, தான் எடுத்த கணக்குப் பிழை எண்டு வீடு வீடாச் சொல்லிக்கொண்டு திரிவாளா? எங்களிட்டப் பிழை விட்டவன் எத்தனை பேர் தம்பி, அதில இவவைத் தவிர ஒருத்தன் திரும்பி வந்தானா?" என்றேன். ஆளை விட்டான். தாள்களை விடவில்லை. எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

பாதைக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது, இனி என்ன செய்வாய் என்று கேட்டேன். எந்த வீட்டில் எவர் என்ன சொன்னார் என்று எல்லாம் அவவுக்கு மனப்பாடம். கந்தோரில் போய்ச் சொல்லேன் என்றேன். "சொல்லேலாது அக்கா. ஆர் என்ன சொன்ன எண்டு வெளியில சொல்லமாட்டன் எண்டு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லித்தான் கேட்டன்." ஊர் பசியில் கிடக்கு, நீ உன் வாக்கைப் பார்க்கிறாயா என்றேன். "ஓம்" என்றா. கல்லோடு எவ்வளவு நேரம் பேசுவது? "அப்ப எங்கட வாய் எங்களிட்டத்தானே இருக்கு, நாங்க வந்து சொல்லுறம்" என்றேன். அவ என்னைப் பார்த்த பார்வையில், அது தானே கேட்டிருக்கமுடியாத உதவி என்று தெரிந்தது.

அடுத்த நாள் நானும் கனகம்மாவும் இன்னும் சில பொம்பளையளும் அவவோடு கந்தோருக்குப் போனோம். மூக்குக்கண்ணாடி ஐயா நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டுவிட்டு, "நீங்க நாலைஞ்சு பேர் அம்மா. இது ஊரை முறைப்படி கேட்டு எடுத்த கணக்கு. ஆக்கள் வந்து அழுகிறதுக்கெல்லாம் கணக்கை மாத்தேலாது" என்றார்.

ரோசலின் முன்னுக்கு வந்தா. "முறைப்படி எடுத்த ஆள் நான்தான் சேர். அது பிழை."

"அப்ப எழுதித் தாங்க. தந்தா இனி உங்களை ஒருத்தரும் கேள்வி கேட்க அனுப்பமாட்டாங்க, அது தெரியுமா?"

தெரியும் என்றா. அந்த மேசையிலேயே நின்றபடி எழுதினா. நான் கேட்ட இடம் பிழை, அந்தப் பதில்களை எண்ணக் கூடாது என்று எழுதி, கீழே தன் முழுப் பேரையும் வைத்தா. எங்களில் ஒருவரின் பேரும் அதில் இல்லை. வாசலுக்கு வெளியே வந்ததும் குந்துத் திண்ணையில் அமர்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வேலையில்தான் தாயையும் பார்த்து, தங்கச்சியையும் படிப்பித்தவ. கனகம்மா சோடா ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

அரிசி திரும்பி வந்தது. மாரி முடிந்த பிறகு, முன்னே தந்ததில் பாதிதான் வந்தது. அதற்கிடையில் எங்கட ஊரில் போனது தவராசா மட்டும் இல்லை. படுக்கையில் கிடந்த கிழடுகளும் போனார்கள், தொட்டிலில் கிடந்ததுகளும் போயின. சாந்தியின் பிள்ளை தப்பியது. ரோசலின் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் தப்பியிருக்காது என்று சாந்தி சொல்லுவாள். ரோசலின் களத்தில் வந்து கேட்டிருக்காவிட்டால் பிள்ளைக்குத் தகப்பன் இருந்திருப்பான் என்று நான் சொல்லுவேன். எங்கள் வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

கம்பெனி அவவைப் பிறகு கூப்பிடவே இல்லை. டவுனில் வீட்டு முன்னறையில் மிஷினைப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை தைத்தா. தவராசாவின் முதல் ஆண்டுத் திவசத்துக்கு, ஒருவரும் சொல்லாமல், பாதையில் ஏறி வந்தா. நான் அவவுக்கு இலை போடவில்லை. பந்தி முடியும்வரை ஓரத்தில் இருந்துவிட்டு, போயிற்று வாறன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனா. அடுத்த வருஷமும் வந்தா. சாந்தி இலை போட்டாள். அதற்கடுத்த வருஷம் நான் போட்டேன். சண்டை முடிந்து, பாதைக்குப் பதிலாகப் பாலம் வந்து பஸ் ஓடத் தொடங்கியபிறகும், முழங்கால் வாதம் வந்து நடக்கமுடியாமல் போகும்வரை, அவ வராத திவசம் இல்லை. ஒருநாளாவது என்னிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதில்லை. வந்து, வேலை கிடந்தால் காய் நறுக்குவா, இல்லாவிட்டால் சும்மா இருப்பா. கேட்பதை விட்டவ முழுக்கவே விட்டுவிட்டா.

கடைசியாகப் பார்த்தது டவுனில் அவவின் கட்டிலடியில். மூச்சு வாங்கியது. டொரின் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போன நேரத்தில், "களவெட்டியில நீ கேட்டதை நான் இன்னும் மன்னிக்கல்ல, அதைச் சொல்லாமப் போனா எனக்கு மனசு ஆறாது" என்றேன். அவ கண்ணை மூடிக்கொண்டே, "மன்னிக்கச் சொல்லி நான் ஒருநாளும் கேட்கல்லயே பூமணியக்கா" என்றா. பிறகு என் கையைப் பிடித்தா. நான் கையை எடுக்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது.

அவவின் மனவருத்தம் பெரிது, நல்ல மனுஷி, கர்த்தர் ஏற்றுக்கொள்ளட்டும் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். அது அவர்கள் எழுதட்டும். என்னிடம் இருக்கிறது இதுதான். இப்போதும் எங்கட ஊருக்கு ஆட்கள் வருகிறார்கள். கையில் பலகை மாதிரிப் போன் வைத்திருக்கிறார்கள். வருமானம் கூடவா குறைவா, அரசாங்கத்தை நம்புகிறீர்களா, வருகிற வருஷம் எப்படி இருக்கும் என்று விரலால் தட்டித் தட்டிக் கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். பதில் சொல்ல முன்னம் நான் ஒன்று கேட்பேன்: நீங்கள் எடுத்துக்கொண்டு போகிறது பிழை என்று பின்னால் தெரியவந்தால், இந்தப் படலைக்குத் திரும்பி வந்து சொல்லுவீர்களா? அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். அப்படி யாரும் வருவதில்லை பெத்தா என்று ஒரு பிள்ளை சொன்னாள்.

ரோசலின் வந்தா.